மாப்பிள்ளை இரண்டு கோர் போதும் என்றார், நான் எட்டு வாங்கினேன்

ஆரணி,
ஐப்பசி பிறப்பு.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அருள்மணி அவர்களுக்கு, மாமனார் கந்தசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தை பரிமளாவும் உடம்பளவில் சௌக்கியம். சென்னையில் நீங்களும் எங்கள் மகள் சத்யப்ரியாவும், கலசப்பாக்கத்தில் உங்கள் அப்பா சம்பந்தி சந்திரமோகன் அவர்களும் குறையில்லாமல் இருக்க வேண்டுகிறோம். போன் இருக்கும்போது இவர் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைக்காதீர்கள். போனால் வந்த வினைதான் இது. லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து நீங்கள் எங்களைக் கூப்பிடவே இல்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் சத்யாதான் எடுத்து, அவர் குளிக்கிறார் என்றாள். சாயங்கால நேரத்தில் ஒரு மனிதர் இத்தனை தடவை குளிப்பாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

நடந்ததை என் வாயால் சொன்னால்தான் மனசு ஆறும். உங்கள் அத்தை இத்தனை வருஷமும் புடவைக் கரைக்கும் முந்திக்கும் கட்டம் போட்ட தாளில் அன்னமும் மாங்காயும் வரைந்தவள். இப்போது கடைக்காரர்கள் தாளைத் தொடுவதில்லை, கம்ப்யூட்டரில் போட்டு ஃபைலாகக் கொடுங்கள் என்கிறார்கள். அவளும் சளைக்காமல் கம்ப்யூட்டர் சென்டரில் காலேஜ் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து அந்த டிசைன் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டாள். வேலூர் ஜவுளிக்கடை பாலமுருகன் ஒரு கல்யாணப் புடவை முந்திக்கு முதல் ஆர்டர் கொடுத்தார். அப்போதுதான் சொந்தமாக ஒரு லேப்டாப் வேண்டும் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இது எனக்கு வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்ட பொருள் வேறு எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

கடையில் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார்கள். இரண்டும் நம் கைக்கு அடக்கமான விலைதான். ஒன்றில் இரண்டு கோர், வேகம் நான்கு கிகாஹெர்ட்ஸ். இன்னொன்றில் எட்டுக் கோர், வேகம் இரண்டுக்கும் கீழே. கோர் என்றதும் எனக்குப் புடவைக் கரையையும் உடலையும் கோத்து நெய்கிற கோர்வைதான் நினைவுக்கு வந்தது. அது இல்லையாம். கோர் என்பது உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற ஆள் மாதிரி, கிகாஹெர்ட்ஸ் அந்த ஆளின் கைவேகம் என்று கடைக்காரர் சொன்னார். உடனே உங்களுக்கு போன் போட்டேன். ஆபீஸ் வேலைக்கு நடுவிலும் நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள்.

“மாமா, அத்தை கத்துகினு இருக்கற சாஃப்ட்வேர் பழசுங்க. எத்தினி கோர் குடுத்தாலும் அது ஒண்ணுலதான் ஓடும். மத்ததெல்லாம் சும்மா வேடிக்கை பாக்கும். ரெண்டு கோர் போதும், வேகம் அதிகமா இருக்கறதையே வாங்குங்க.”

சரிங்க மாப்பிள்ளை என்று சொல்லி போனைச் சட்டைப் பையில் போட்டேன். போட்டதோடு சரி. எட்டுக் கோரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை அடங்கவில்லை. எட்டுத் தறி ஓடுகிற வீட்டையும் இரண்டு தறி ஓடுகிற வீட்டையும் எவனாவது ஒன்றென்று சொல்வானா? மாப்பிள்ளை சொன்னதையே வாங்கலாம் என்று உங்கள் அத்தை என் கையைப் பிடித்தாள். அப்போது நான் கடையே கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னேன்.

“அவருக்கு என்னா தெரியும்? ஏசி ரூம்ல குந்திகினு பட்டன் தட்றவரு. தறி சத்தம் கேட்டிருப்பாரா? எட்டையே கட்டுங்க.”

ஷேர் ஆட்டோவில் வரும்போது மணி பார்க்க போனை எடுத்தேன். திரையில் உங்கள் பெயர். நான் கட் பண்ணாத போன் கால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை, அந்த நிமிஷம் ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம் என்றிருந்தது. மடியில் லேப்டாப் இருந்ததால் குதிக்கவில்லை.

பிறகு அந்தப் பெட்டி எங்களைப் பண்ணின பேஜார் கொஞ்சமில்லை. உங்கள் அத்தை முந்தியில் ஒரு அன்னத்தின் கழுத்தைத் திருப்பினால், அது திரும்புவதற்குள் சாதம் வடித்துவிட்டு வரலாம். ஒரு புடவையை ஒரு தறியில்தானே நெய்ய முடியும், மற்ற ஏழு தறி பக்கத்தில் நின்று என்ன பிரயோசனம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சும்மா இருக்கிற ஏழு பேருக்கும் வேலை கொடுத்தால் வீட்டில் ஒரு சுறுசுறுப்பு வருமே என்று பாட்டு, பஞ்சாங்கம், கிரிக்கெட், தங்க விலை என்று எல்லாவற்றையும் திறந்துவைத்தேன். அத்தனையும் ஜல்தியாக ஓடின. அன்னம் மட்டும் திரும்பவில்லை. கடையில் போய்க் கேட்டால், சரக்கு நல்ல சரக்குதான், உங்கள் வேலைதான் அதற்குப் பொருந்தவில்லை என்கிறார் கடைக்காரர்.

பாலமுருகன் டிசைன் பார்க்க வந்தார். முந்தி முழுசாகத் திரையில் வருவதற்குள் ஒரு காபி குடித்தார், இன்னொரு காபியும் குடித்தார், எங்கள் வீட்டு வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில், தயாரானதும் சொல்லியனுப்புங்கம்மா என்று எழுந்து போய்விட்டார். உங்கள் அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. லேப்டாப்பை மூடினாள். பரண்மேலிருந்து பழைய கட்டத் தாளை இறக்கி, பென்சில் சீவ ஆரம்பித்தாள். அவள் திட்டியிருக்கலாம் மாப்பிள்ளை. அந்தப் பென்சில் சீவுகிற சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை, வெளியே எழுந்து போய்விட்டேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி. நான் சொன்னது அத்தனையும் தப்பு. தறி சத்தம் கேட்டவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தது அதைவிடத் தப்பு. என்மேல் இருக்கிற கோபத்தை அத்தைமேல் காட்டாமல் தீபாவளிக்குக் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்க வேண்டும். நீங்கள் வராவிட்டால் இந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. நீங்களும் சத்யாவும் நோய்நொடியின்றி, தொட்டதெல்லாம் துலங்கி, எங்களுக்கு முன்னால் தலைநிமிர்ந்து வாழ ஆசீர்வதிக்கிறோம். சம்பந்திக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்,
கந்தசாமி

பி.கு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் சத்யா அவள் அம்மாவுக்கு போன் செய்தாள். அன்றைக்கு நீங்கள் சொல்லி முடித்ததும் போனை மேஜைமேல் வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டீர்களாம், நான் சொன்ன எதுவும் உங்கள் காதில் விழவில்லையாம். அதே மாதிரி இரண்டு கோர் லேப்டாப்பை அன்றைக்கே நீங்கள் சம்பந்திக்கு வாங்கிக் கொடுத்தீர்களாம். அவர் செய்தி, பக்திப் பாட்டு, பங்கு மார்க்கெட், சமையல் வீடியோ எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்க, அது அப்படியே நின்றுவிடுகிறதாம். உங்கள் பேச்சைக் கேட்டு நாங்களும் அதையே வாங்கித் திண்டாடுகிறோம் என்று பயந்துதான் இத்தனை நாள் குளித்துக்கொண்டிருந்தீர்களாம். ஆகவே கோர் விஷயத்தில் நான் கேட்ட மன்னிப்பில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு வரும்போது சம்பந்தியின் லேப்டாப்பையும் கொண்டுவாருங்கள், மாற்றிக்கொள்ளலாம். மாப்பிள்ளை காதில் விழாத வார்த்தையை நாமே எழுதித் தெரிவிப்பானேன், கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று உங்கள் அத்தையிடம் கேட்டேன். அவள் பென்சிலைக் கீழே வைக்காமல் சொன்னாள்.

“அனுப்புங்க. அவரு கேக்கலன்னா என்னா, நான் பக்கத்துலயே நின்னு கேட்டுகினு இருந்தேனே.”

அனுப்பியிருக்கிறேன்.