ஜூலை மாதத்துக் கிறிஸ்துமஸ் ரெக்கார்டு

"இனி ஒரு பழைய பாட்டு ரெக்கார்டுகூட இந்த வீட்டுக்குள்ள வராது" என்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார் என் வீட்டுக்காரர் டெல்பர்ட். பரணில் அவர் அடுக்கியிருக்கும் பாரம் என்றைக்கு என் தலையில் இறங்குமோ என்று எனக்குத் தூக்கமே கிடையாது.

சத்தியம் செய்த மனிதர் சோர்ந்து போக வேண்டாமா? சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஜூலை மாதம். டென்னசி வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. இவர் எங்கள் சர்ச் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் ரெக்கார்டு அட்டையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஜூலையில கிறிஸ்துமஸா?"

"கர்த்தர் பாட்டுல தூசி படலாமா, லொரீன்?"

பிரசங்கத்தில் குறட்டை விடுகிற மனுஷன்! பக்கத்து வீட்டு நடீனிடம் ஓடினேன்.

"பொம்பளை விவகாரம்தான்டி. அந்தக் குழுவுல இளசா யாரு?"

"எல்லாம் பல்செட் மாட்டினதுங்க."

"அப்ப அட்டைக்குள்ள பாரு."

அவர் மீன்பிடிக்கப் போனதும் பார்த்தேன். உள்ளே இருந்தது வேறு ரெக்கார்டு. எங்கள் காலத்து ராக் பாடகர் படகோட்டியாக நடித்த படத்தின் பாட்டுகள்! நடு லேபிளில் மையால் 'ரோவீனா'. யார் இவள் என்று லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பார்ட்டியில் மாறிப்போகாமல் இருக்க நாங்கள் எல்லாருமே அப்படித்தான் பெயர் எழுதுவோம். ரோவீனா இதன் பழைய சொந்தக்காரி; இவர் சத்தியத்தை மீறித் திருட்டுத்தனமாக வாங்கியிருக்கிறார். இதே ரெக்கார்டில் 'லொரீன்' என்று எழுதி நானும் வைத்திருந்தேன். அப்பா காரில் வெயில் பட்டு அது கிண்ணமாக வளைந்துபோனது.

சர்ச் ரெக்கார்டு சோபாவுக்கு அடியில் கிடந்தது. படகோட்டியை எடுத்துக்கொண்டு, அதை அதன் அட்டையிலேயே போட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். "அந்தக் கிறிஸ்துமஸ் ரெக்கார்டை சர்ச்சுல பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்துட்டேங்க."

சோள ரொட்டி அவர் தொண்டையில் நின்றது. "எதுக்கு?"

"ரெக்கார்டு குறையணும்னு நீங்கதானே சத்தியம் பண்ணீங்க?"

சனிக்கிழமை சர்ச் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார். அட்டையைப் பாய்ந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பாஸ்டர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்ம பாட்டு மேல இவ்வளவு பிரியமா, டெல்பர்ட்! அடிக்குரலுக்கு ஆளே இல்ல. புதன்கிழமை ஒத்திகைக்கு வந்துடுங்க!"

ஊரே கைதட்டியது. இல்லை என்று எப்படிச் சொல்வார்?

வீட்டுக்கு வந்ததும் அட்டையோடு கார் கொட்டகைக்குள் புகுந்தார். அட்டைக்குள் கைவிட்டுப் பார்த்திருப்பார்போல. வெளுத்த முகத்தோடு வெளியே வந்தார்.

"என்னங்க, உள்ள எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா... சரியாத்தான் இருக்கு."

இப்போது புதன்தோறும் அவர் சர்ச்சில் அடிக்குரலில் உறுமுகிறார். நானும் நடீனும் கதவைச் சாத்திக்கொண்டு படகோட்டியைக் கேட்கிறோம். கேட்டு முடித்ததும் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் வைத்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் எட்டிப்பார்க்காத இடம்.

ரெக்கார்டு எங்கே என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால், "எந்த ரெக்கார்டுங்க?" என்று நான் கேட்பேனே!