பைப் கடைக்காரனுக்கு ‘ப’ வந்த கதை

அன்புள்ள மச்சான் பார்த்திபனுக்கு,

செஞ்சியிலிருந்து உன் அக்காள் வீட்டுக்காரன் தனகோட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அக்காளின் முட்டிவலியும் சௌக்கியமாகவே இருக்கிறது. கோயம்புத்தூரில் நீயும் அப்படியே இருக்க (முட்டிவலி நீங்கலாக) மனதார விரும்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என் முதல் எழுத்து வெளியே வருவதற்குள் நீ “டவர் இல்ல மாமா” என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டுகிறாய். தாளில் எனக்குத் திக்குவதில்லை. ஆகையால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

நீ வாங்கி அனுப்பிய காதுக் கருவி வந்து சேர்ந்தது. நான் பேசுவதையே கொஞ்சம் தாமதித்து என் காதில் சொல்கிறது. பின்னால் இன்னொரு தனகோட்டி நின்று கூடவே பேசுவதுபோல் இருக்கிறது. இதுவரை இருந்த ஒருவனையே சமாளிக்க முடியவில்லை என்கிறாள் உன் அக்காள். பேச்சுப் பயிற்சி தரும் ஷோபனாவிடம் காட்டினேன். “மிஷின் மட்டும் போதாதுங்கய்யா, பயிற்சியும் விடாம செய்யணும். வார்த்தைய முட்டித் தள்ளாதீங்க, மெதுவா தொடங்கி இழுங்க” என்றது அந்தப் பெண். ஷோபனாவைப் பார்க்க வாரந்தோறும் பாண்டிச்சேரி போகிறேன். அந்த ஊர்ப் பெயரும் ‘ப’வில் தொடங்குவது என் தலையெழுத்து. கண்டக்டரிடம் “கடைசி ஸ்டாப்பு” என்றுதான் டிக்கெட் கேட்பேன். ஒருமுறை அந்த பஸ்ஸின் கடைசி ஸ்டாப்பு திண்டிவனமாகிவிட்டது.

‘ப’ வராதவன் பைப் கடை வைத்ததைச் சொல்லித்தான் ஊரே சிரித்தது. உன்னைப் பெயர் சொல்லாமல் மச்சான் என்றே கூப்பிடுவதும் முழுக்க உறவுக்காக அல்ல. இப்போது கருவியைப் பார்த்தவர்கள் எனக்குக் காது போய்விட்டது என்று முடிவுகட்டி, கடைக்கு வந்து “முக்கா இஞ்ச்சு எல்போ ரெண்டு!” என்று கோட்டை மலையே எதிரொலிக்கக் கத்துகிறார்கள். அந்தக் கத்தலையும் சேர்த்துத்தான் கருவி காதில் கொட்டுகிறது. எங்கள் அண்ணன் கலியபெருமாளோ, “வாய்க்கு வைத்தியம் பாக்கப் போயி காதுல மாட்டிக்கினு வந்திருக்கான் பாரு” என்று டீக்கடையில் சொல்லி மகிழ்கிறார்.

இத்தனையும் எதற்கென்றால் சுமலதாவின் பரிசத்துக்காக. உனக்கு லீவு கிடைக்காமல் போனதே! பெண்ணைப் பெற்றவன் சபையில் “பொண்ணு உங்களுது, பரிசம் எங்களுது” என்று மூன்று முறை சொல்ல வேண்டும் அல்லவா? அடுக்கடுக்காக எல்லாம் ‘ப’. என் வாழ்க்கையில் சபையில் பேச வேண்டியதையெல்லாம், என் கல்யாணப் பேச்சையும் சேர்த்து, அண்ணன்தான் பேசினார். இதையாவது நான் சொல்ல வேண்டும் என்று ஆசை. ஷோபனா சொன்னபடி கடையிலேயே இழுத்து இழுத்துப் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு “பொ...ண்ணு உங்களுது” என்று முடித்துத் திறந்தால் எதிரே டேப் வாங்க வந்த வீரமணி நிற்கிறார். பேரன் எடுத்த மனுஷன். மீதிச் சில்லறைகூட வாங்காமல் போய்விட்டார்.

பரிசத்தன்று சபை கூடியது. நான் “பொ... பொ... பொ...” என்றேன். நடத்திவைத்த பச்சமுத்து மாமா, “மூணு தடவ ஆச்சு, தட்ட மாத்துங்கப்பா!” என்று சொல்லிவிட்டார். சபை சிரித்தது. அண்ணன் எனக்காகச் சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். “இருங்க மாமா, நான் இன்னும் ஒரு தடவகூட முடிக்கல” என்றேன். அது திக்காமல் வந்தது, கோபத்துக்கு ‘ப’ தேவைப்படவில்லை. பிறகு மெதுவாக இழுத்து மூன்று முறையும் முழுசாகச் சொன்னேன். கடைசித் தடவை கொஞ்சம் மாட்டியது. மாட்டட்டும் என்று நின்று சொன்னேன். சுமலதா அழுதாள். அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லா சொன்னடா! நீ சொன்னது உனக்குக் கேட்டுச்சா?” என்று காதருகே கத்தினார். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை இந்தத் தாளில்கூட எழுத வரவில்லை.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது மச்சான். சீயமங்கலத்துச் சம்பந்தி ராமகிருஷ்ணன் அன்று வாயே திறக்கவில்லை. தலையை ஆட்டுவதோடு சரி. அவர் சொல்ல வேண்டியதையும் அவருடைய சித்தப்பாதான் சொன்னார். ஆனால் பார்வை மட்டும் என் காதை விட்டு நகரவில்லை. தலைக்கனம் பிடித்த மனுஷன். திக்குவாயன், செவிடன் வீட்டில் பெண் எடுக்கிறோமே என்று நினைக்கிறார் போலும். என் மகள் அந்த வீட்டில் அப்பனைக் குறித்துப் பேச்சு கேட்கக் கூடாது. உனக்குத்தான் நாக்கு புரளுமே, நீ நேரில் வந்து அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போ.

உன் வீட்டாருக்கு என் அன்பு. குழந்தைகள் நல்ல படிப்பும், அத்தையைப்போல் வலிக்காத முட்டியும் பெற்று நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அக்காள் வீட்டுக்காரன்
தனகோட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு போன். எடுத்தால் ஒன்றும் கேட்கவில்லை. “டவர் இல்லை” என்று வைத்தேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் வைத்தேன். அடுத்த தடவை, “வை... வைக்காதீங்க ச... சம்பந்தி. டவரு நல்லாத்தான் இருக்குது. நா... நான்தான் இப்பிடி. கா... காதுல மாட்டியிருந்தீங்களே, அது எங்க வாங்குனீங்க?” என்றது குரல். பதிலுக்கு உன் பெயரைச் சொல்லப் போய் நானும் மாட்டிக்கொண்டேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். ஆகையால் தலைக்கனம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நீ யாரையும் கேட்க வர வேண்டாம். அதேபோல் இன்னொரு கருவி மட்டும் உடனே அனுப்பு. வியாழக்கிழமை சம்பந்தியை ஷோபனாவிடம் கூட்டிப் போகிறேன். “கண்டக்டர்கிட்ட யாரு கே... கேக்குறது?” என்று கவலைப்பட்டார். பாண்டிச்சேரிக்கு ரெண்டு என்று நானே கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன்.