எலுமிச்சை மணக்கும் திராட்சை

"விஷம்! சந்தேகமே இல்லை, இது விஷம்தான்!" என்று கொடி நட்ட குழிக்குள்ளிருந்து கத்தினார் எவரிஸ்தோ.

மேலே நின்றிருந்த அவர் மனைவி தொமாசா எட்டிப் பார்த்தாள். திராட்சை இலைமேல் திருநீறு பூசியதுபோல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"மாவு மாதிரி இருக்கு," என்றாள்.

"மாவா? நம்ம கொடிக்கு எவன் மாவு தூவுவான்? எல்லாம் ஒப்துலியா வேலை!"

ஸ்பெயினைச் சேர்ந்த லான்சரோட்டே தீவில் காற்று வடக்கிலிருந்து வரும். எவரிஸ்தோவுக்கு வடக்கே இருப்பது ஒப்துலியாவின் தோட்டம். ஆகவே விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது. ஒரு கல் யாருடைய சுவரைச் சேர்ந்தது என்ற தகராறில் இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

அதே மூன்று வருஷமாகத்தான் எவரிஸ்தோ ரசாயனம் எதையும் தொடாமல் கொடி வளர்த்துக்கொண்டிருந்தார். இன்று ஆய்வாளர் வருகிறார். இலையும் மண்ணும் சுத்தம் என்று அவர் சொல்லிவிட்டால், எவரிஸ்தோவின் ஒயின் பாட்டிலில் இயற்கை ஒயின் என்ற பச்சை முத்திரை ஏறும். சுத்தமில்லை என்றால் மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முத்திரைக்கு இடம் விட்டு லேபிள் அச்சடித்து வைத்திருந்த மனிதருக்கு அது எப்படி இருக்கும்?

"ஆய்வாளர்கிட்ட உள்ளதைச் சொல்லிடுவோமே," என்றாள் தொமாசா.

"நீ சும்மா இரு. இதெல்லாம் எனக்கு அஞ்சு நிமிஷ வேலை."

எவரிஸ்தோ முன்பு கந்தகம் தூவிய பழைய துருத்தியைக் கொண்டுவந்தார். காலித் துருத்தியால் ஊதினால் பொடி பறந்துவிடும் என்பது திட்டம். பறந்தது, நன்றாகவே பறந்தது. வடக்கு வரிசையில் மட்டும் இருந்த பொடியைக் காற்று வாரி எடுத்துத் தோட்டம் முழுக்கப் பாகுபாடு இல்லாமல் தூவிவிட்டது.

"இப்ப எல்லாக் கொடியும் ஒரே மாதிரி ஆயிடுச்சு," என்றாள் தொமாசா.

எவரிஸ்தோ காதில் வாங்கவில்லை. அவர் வடக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் எரிமலைக் கருஞ்சாம்பலில் ஆழமாகக் குழி தோண்டி, காற்றைத் தடுக்க அரைவட்டமாகக் கல் அடுக்கி, குழிக்கு ஒரு கொடி வைப்பார்கள். குழிக்குள் இறங்கிய ஆளுக்குத் தலை மட்டும்தான் வெளியே தெரியும். அப்படி ஒரு குழிக்கு மேலே நீல நாடா கட்டிய ஓலைத் தொப்பி ஒன்று அசைந்தது. ஒப்துலியாவின் தொப்பி. அதைத் தெரியாதவர் ஊரில் இல்லை.

"ஏ ஒப்துலியா! மனசாட்சி இருக்கா உனக்கு?"

தொப்பி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு மெல்லக் குழிக்குள் இறங்கியது.

"பார்த்தியா? பதில் இல்லை! தப்பு பண்ணினவளுக்கு எப்படி வாய் வரும்?"

"மூணு வருஷமா பேசாதவ இன்னிக்கு மட்டும் எதுக்குப் பேசணும்?" என்றாள் தொமாசா.

அடுத்து தண்ணீர். மழையே தெரியாத ஊரில் குடிப்பதற்கென்று தொட்டியில் சேர்த்து வைத்த தண்ணீரைக் குழாய் போட்டு இறைத்தார். பொடி கரையவில்லை. குழைந்து, சுவருக்குப் பூசுகிற பூச்சாக இலையில் ஒட்டிக்கொண்டு, அடிக்கிற வெயிலில் அங்கேயே காய்ந்தது.

"பாத்திரம் கழுவுற சோப்பை எடு!"

"ஏன்யா, புத்தி கெட்டுப்போச்சா? அதுவே ரசாயனம்தானே!"

"எண்ணெய்ப் பிசுக்கையே எடுக்குது, இதை எடுக்காதா? எடுன்னா எடு!"

சோப்பு எலுமிச்சை மணத்தோடு பொங்கியது. ஒவ்வொரு குழியிலும் நுரை வெண்ணெய் கடைந்ததுபோல் திரண்டு நின்றது. நுரைத் துண்டுகள் காற்றில் எழுந்து தெற்கே ரோட்டுப் பக்கம் போயின. எவரிஸ்தோவுக்கு வெற்றிக் களை வந்துவிட்டது. மறுபடி அந்தத் தொப்பி தெரிந்ததும் சுவர்மேலேயே ஏறிவிட்டார். காற்று எதிரே அடித்ததால் இரண்டு மடங்கு சத்தமாகக் கத்த வேண்டியிருந்தது.

"நல்லா பார்த்துக்கோ! சோப்பு போட்டுக் கழுவியாச்சு! ஆய்வாளர் கேட்டா இந்த நுரையும் உன் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னுதான் சொல்லுவேன்! அந்த ஆளுக்கு என்ன தெரியும்? ஆபீஸ்ல உட்கார்ந்து நாற்காலி தேய்க்கிறவன்! திராட்சைக்கும் தக்காளிக்கும் வித்தியாசம் தெரியாது! ரெண்டு கிளாஸ் ஊத்தினா எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடுவான்!"

தொப்பி இந்த முறை இறங்கவில்லை. இவர் பக்கமாகத் திரும்பி, வெகுநேரம் அப்படியே நின்றது.

"பயந்துட்டா," என்று கீழே குதித்தார் எவரிஸ்தோ.

அப்போதுதான் ரோட்டில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. எவரிஸ்தோ நனைந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆய்வாளரை வரவேற்கிற புன்னகையோடு ஓடினார். வேனிலிருந்து இறங்கியவள் ஒப்துலியா. வெறுந்தலை. ஒரு கையில் ரொட்டி, மறு கையில் பாலாடைக்கட்டி.

எவரிஸ்தோ வடக்கே பார்த்தார். தெற்கே பார்த்தார். மறுபடி வடக்கே பார்த்தார்.

"என்ன இது, ரோடெல்லாம் நுரை?" என்றாள் ஒப்துலியா. மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

"எல்லாம் நீ தூவின விஷத்தால வந்தது!"

"எது விஷம்? அந்த வெள்ளைப் பொடியா? யோவ், அது களிமண்ணுய்யா! பழம் வெயில்ல வெந்துபோகாம இருக்க இலைமேல தூவுறது. இயற்கை விவசாயத்துக்கு அனுமதி உண்டு. உனக்கு மட்டும்தான் பச்சை முத்திரை வேணுமா? நானும் மருந்தடிக்கிறதை விட்டு மூணு வருஷமாச்சு."

தொமாசா சிரிப்பை அடக்க நனைந்த ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். எவரிஸ்தோவின் முகம் விழுந்தது. ஆனால் அவர் முகம் விழுந்த இடத்திலேயே கிடக்கிற ரகம் இல்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தக் கல்லு உன்னோடதுன்னே வச்சுக்கோ. ஆய்வாளர் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. உன் ஆளையும் அனுப்பு, நாலு பேருமா சேர்ந்து நுரையை வழிச்சுடுவோம். சோப்புன்னு யாரும் மூச்சு விடக்கூடாது, அவ்வளவுதான்!"

"என் ஆளா? எந்த ஆளு?"

"அதோ, காலையிலேர்ந்து உன் தொப்பியைப் போட்டுக்கிட்டுக் குழிகுழியா ஏறி இறங்குறானே, அவன்தான்."

ஒப்துலியா ரொட்டியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "அட, அவர்தானேய்யா ஆய்வாளர்! மொதல்ல என் தோட்டம், அப்புறம் உன்னோடதுன்னு காலையிலேயே வந்துட்டாரு. இந்த வெயில்ல வெறுந்தலையா நிக்கிறாரே பாவம்னு நான்தான் என் தொப்பியைக் குடுத்துட்டு, அவருக்குச் சாப்பாடு வாங்கப் போனேன்."