பவர் அக்காவின் அஞ்சறைப் பெட்டி

மராத்தி ஊரான ஏரவாடாவில் உள்ள கிருமிகள் அத்தனையும் பெயரைக் கேட்டாலே நடுங்கும் ஒரே மனுஷி பவர் அக்கா என்றுதான் எங்கள் சந்தில் பேச்சு. மருந்துப் படிப்பு படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நடுங்கவில்லை. அவளைப் பார்த்தால் கிருமிகள் பாய் விரித்து உட்கார்ந்துகொள்ளும்.

அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. காலையில் சந்து முனையில் இட்லிக்கடை, மற்ற நேரமெல்லாம் வைத்தியம். எந்த மாத்திரையைக் காட்டினாலும் முதல் கேள்வி, "எத்தினி பவர்?" இருநூற்றைம்பது மில்லிகிராம் என்றால் உதட்டைப் பிதுக்குவாள். ஐநூறு என்றால் தலையாட்டுவாள். அதற்கும் மேலே என்றால் கையில் வாங்கி, நகைக்கடைக்காரர் மாதிரி எடை பார்ப்பாள்.

உடம்பு தேறிய நிமிடமே மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்பது அவள் கொள்கை. மிச்சம் அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். ஆமாம், கடுகும் சீரகமும் போடும் அதே எவர்சில்வர் பெட்டிதான். கடுகு எப்போதோ பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. மாத்திரைகளை நிறம் பார்த்துப் பிரிப்பாள். மஞ்சள் மாத்திரை சளிக்கு, ஏனென்றால் மஞ்சள் சளிக்கு நல்லது. சிவப்பு கேப்சூல் காயத்துக்கு, ஏனென்றால் ரத்தம் சிவப்பு. வெள்ளை வயிற்றுக்கு, மோர் வெள்ளை இல்லையா. அட்டையிலிருந்து பிதுக்கிப் போட்டுவிடுவதால் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. கேட்டால், "உப்பு என்னிக்காச்சும் கெட்டுப்போயிருக்குதா?" என்பாள். பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண் கறிவேப்பிலை கேட்டு வருகிற மாதிரி, பிள்ளைக்கு ஒரு 'லால் கோலி', அதாவது சிவப்பு மாத்திரை, கேட்டு வருவாள். அக்காவும் கொசுறு மாதிரி ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். பக்கத்துக் கராடியில் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பியபோது அப்பா அங்கே ஜல்லி சுமந்தார். நான் படிப்பை முடித்து எங்கள் சந்து மெடிக்கல் ஷாப்பில் சேர்ந்த அன்று, என் பெயர் போட்ட சான்றிதழைச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் கடை முதலாளி சேட் மாட்டினார். அது சுவரில் இல்லாமல் கடை நடத்த முடியாது. அப்பா வெளியே நின்றே அதை வெகுநேரம் பார்த்தார். பவர் அக்கா கவுண்டருக்குள்ளேயே வந்து பார்த்துவிட்டு, இனிமேல் டாக்டர் எதற்கு, நம்ம பெண் உட்கார்ந்தாகிவிட்டது என்று சந்து முழுக்க அறிவித்தாள்.

மறுநாளே தும்மிக்கொண்டு வந்தாள்.

"பாப்பா, ஐநூறு பவர்ல ஆன்டிபயாடிக் ரெண்டு வெட்டிக் குடு."

"சளிக்கு அது வேலை செய்யாதுக்கா. டாக்டர் சீட்டு இல்லாம தரவும் மாட்டேன்."

"மாட்டியா? என் கை இட்லியத் துன்னுட்டுதானே படிச்ச?"

"ஆமா. அதனாலதான் மாட்டேன்."

நேராக கிளினிக்குக்குப் போய்ச் சீட்டோடு திரும்பினாள். சாதாரணச் சளிக்கு, அவள் கேட்ட அதே மருந்து. டாக்டருக்குப் போன் போட்டேன். தேவையில்லை என்று தனக்கும் தெரியும் என்றார். எழுதாவிட்டால் அடுத்த கிளினிக்கில் எழுதி வாங்கிக்கொண்டு, தன்னைக் கைராசி இல்லாதவன் என்று சொல்லித் திரிவார்களாம். போன வாரம் வெந்நீர் குடிக்கச் சொன்னதற்கு ஒரு அம்மாள் எல்லோர் முன்னாலும் பீஸைத் திருப்பிக் கேட்டாளாம். எந்த அம்மாள் என்று நான் கேட்கவில்லை. நீயே சொல்லிப் பாரேன் என்றார். எழுதுவது நீங்கள், திட்டு வாங்குவது நானா என்று கேட்டேன். சரி, சீட்டிலிருந்து அந்த மருந்தை அடித்துவிடு என்றார். அடித்தேன்.

அன்று போர் தொடங்கியது. ஒவ்வொரு தட்டு இட்லியோடும் சட்னிக்கு முன்னால் என் கதையைப் பரிமாறினாள். சர்டிபிகேட் வந்ததும் எனக்குக் கண் தெரியவில்லையாம். கேள்வி கேட்காமல் வெட்டிக் கொடுக்கும் மெயின் ரோடு கடைக்குச் சந்தே நடந்து போனது. சேட் கெட்டவர் இல்லை, ஆனால் ஆளில்லாத கடையில் எத்தனை நாள் ஈ ஓட்டுவார்? இரண்டு மாத்திரையில் உலகம் அழிந்துவிடாது, பிடிவாதம் தொடர்ந்தால் தீபாவளிக்குள் வேறு சான்றிதழ் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பாவும் பயந்து, "குடுத்துடேன்மா" என்றார்.

நான் சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்தேன். கழற்றினால் அது என்னோடுதான் வரும். எங்கள் வம்சத்தில் முதல்முறையாக ஒரு பெயர் சுவரில் ஏறியிருக்கிறது. அதன் கீழே நின்று தெரிந்தே தப்பான மருந்தை விற்க முடியாது.

அப்போதுதான் இட்லிக் கொப்பரை சாய்ந்து அக்காவின் வலது கை வெந்தது. பெட்டியிலிருந்து சிவப்பு கேப்சூல் போட்டாள். எரிச்சல் அடங்கியதும் நிறுத்தினாள். சீழ் வைத்தது. துணைக்கு வெள்ளையை அனுப்பினாள். மெயின் ரோடு கடைக்காரர் நீலத்தில் ஏதோ வெட்டிக் கொடுத்தார். கை வாழைத்தண்டு மாதிரி வீங்கி, குளிர்க்காய்ச்சல் வந்து, இட்லிக்கடை மூடிக் கிடந்தது. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் நான் போய் ஆட்டோவில் ஏற்றினேன். அஞ்சறைப் பெட்டி இல்லாமல் வர மாட்டேன் என்று இடது கையில் அணைத்துக்கொண்டுதான் ஏறினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சீழைச் சோதித்தார்கள். வழக்கமான மருந்துகள் எதற்கும் அது மசியவில்லை. கையையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். இட்லி ஊற்றும் கை. கடைசியில் நரம்பில் ஏற்றிய ஒரு மருந்து பிடித்துக்கொண்டது.

வார்டில் பார்க்கப் போனால் அக்கா பெருமையில் மிதந்தாள்.

"நாலு மருந்துக்கும் அடங்கலியாம் என் கிருமி. பெரிய டாக்டரே அசந்துட்டாரு."

"அசராம? நீதானக்கா வளர்த்த. ரெண்டு ரெண்டா ஊட்டிப் பயில்வானாக்கி வெச்சிருக்க."

கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்.

"பக்கத்து வூட்டுப் புள்ளைக்கும் குடுத்தேனே. அதுக்கும் இப்பிடி ஆவுமா?"

"ஆகலாங்கா."

பெட்டியை என் பக்கம் தள்ளினாள். நான் அதைக் காலி செய்து, தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன். கடுகு ஊர் திரும்பியது.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். சீட்டோடு கடைக்கு வந்தாள். பழக்க தோஷத்தில் என் கை கத்தரிக்கோலைத் தேடியது.

"அதக் கீழ வை. முழு அட்டையாக் குடு."

அப்படியே சேட் பக்கம் திரும்பினாள். இந்தப் பெண்ணை அனுப்பினால் சந்தில் ஒருவரும் உன்னிடம் தலைவலித் தைலம்கூட வாங்க மாட்டார்கள் என்று தன் இந்தியில் சொன்னாள். அந்த இந்தியில் இலக்கணம் இல்லை, பவர் இருந்தது. தீபாவளி வந்தது, போனது. என் சட்டம் சுவரிலேயே இருந்தது.

அதற்காகத் திருந்திவிட்டாள் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வேளையும் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் நடுவில் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து எனக்குக் காட்டுவாள். சளி என்று யாராவது வாய் திறந்தால், நான் சொல்வதற்கு முன்பே, "மாட்டா, கேக்காத" என்று திருப்பி அனுப்புவாள். முன்பு போன வியாபாரம் பாதி அவளால், பின்பு போனதும் பாதி அவளால்தான்.

கடைசி மாத்திரை அன்று காலி அட்டையைக் கவுண்டரில் அடித்து வைத்தாள். "பாத்துக்கோ. ஒண்ணு மிச்சமில்ல."

இப்போது அவள் தளேகாவ் ஊரில், ஃபாக்டரியில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் இருக்கிறாள். சான்றிதழ்ச் சட்டத்தின் ஓரத்தில் அந்தக் காலி அட்டையைச் செருகி வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று சேட் இன்றைக்கும் சொன்னார்.

மாட்டேன் என்றேன்.