அப்பா சீட்டை விட்டு எழவில்லை

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றுகூட ஒரு சத்தம் வரவில்லை. எட்டாவது தடவை.

"பேட்டரிதான்," என்றார் அப்பா.

"பேட்டரி இல்லப்பா. மூணு தடவ பாத்தாச்சு."

"அப்ப நாலாவது தடவ பாரு."

கையில் இருந்த ஸ்பேனரைத் தூக்கி கிரவுண்டுக்கு வெளியே எறியலாம் போல வந்தது. எறியவில்லை. அது நான் வேலை செய்கிற பைக் மெக்கானிக் கடையோடது.

மர்பி டவுனில் எங்கள் சர்ச் கிரவுண்டைப் பார்த்துக்கொள்வதுதான் அப்பாவுக்கு வேலை. அவர் பெயர் ரெமிஜியஸ். கிரவுண்டை ஒட்டியே வீடு. போன வருஷம் யாரோ பணக்காரர் தன் தோட்டத்துப் பழைய புல் வெட்டுற மெஷினைச் சர்ச்சுக்குக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறது. குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். ஏறினால் அப்பா மந்திரி மாதிரி இருப்பார்.

அக்டோபர் மழையில் புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஃபைனல். "சனிக்கிழமை பன்னிரண்டுக்கு வந்து பார்ப்பேன். புல் அப்படியே இருந்தால் மேட்ச் எதிர் டீம் கிரவுண்டுக்குப் போகும்," என்று ஃபாதர் சொல்லிவிட்டார். அங்கே புல்லே கிடையாது. ஜல்லிதான். நான் கோல்கீப்பர். அங்கே ஒரு டைவ் அடித்தால் முழங்கைத் தோல் அங்கேயே தங்கிவிடும். இது பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கான டோர்னமென்ட். ஜனவரியில் எனக்குப் பதினெட்டு. அடுத்த தடவை என்று ஒன்று எனக்கு இல்லை.

பி.யு.சி.யை, அதாவது பிளஸ் டூவை, பாதியில் விட்டவன் நான். படிப்பு வரவில்லை, விட்டேன், அவ்வளவுதான். பந்து வரும். ஒயர் வரும். வேறு எதுவும் வராது. நாளைக்குப் பந்தைக் காப்பாற்ற இன்றைக்கு ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ரிப்பேர் பண்ணலாம், ஆனால் பதினெட்டு ஆகாதவன் மெஷின்மேல் ஏறக் கூடாது. அதுவும் ஃபாதர் ரூல்தான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். அப்பா அப்போதே சீட்டில் உட்கார்ந்துவிட்டார். இறங்கவே இல்லை.

பேட்டரி முன்பக்க மூடிக்கு அடியில். மீட்டர் வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட், நல்லாவே இருந்தது. முனையில் பச்சையாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து, முறுக்கினேன். சத்தம் இல்லை. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். நல்ல ஃபியூஸ். விரலில் ஒரு கீறல், ரத்தம்.

"பாத்து செய்டா," என்றார் அப்பா, மேலே உட்கார்ந்துகொண்டு.

ஒன்பது மணிக்கு அம்மா ஃப்ளாஸ்கோடு வந்தாள்.

"என்னங்க, ஸ்டார்ட் ஆச்சா?"

"எங்க ஜூடி. இது பெரிய ஃபால்ட்டு. மூணு நாலு மணி நேரம் இழுக்கும்."

"ஐயோ பாவம். டீ குடிங்க. பதினொண்ணுக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பணுமே?"

"எங்க கிளம்புறது. நீயே பாக்குறல்ல நிலைமைய. எனக்கு வரணும்னு கொள்ளை ஆசை. அந்த ஃப்ரிட்ஜைப் பாக்காம மனசே ஆறாது."

"பரவால்லங்க. சர்ச் வேலைதான் முதல்ல. இன்னொரு டம்ளர் ஊத்தவா?"

அந்த ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்டோபரில் சர்ச்சிலிருந்து மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாகப் போகும். அன்றைக்கு ஜோகுபாளையத்தில் குளோரியா பெரியம்மா வீட்டுக்கு வருகிறது. பதினொன்றரைக்கு ஜெபமாலை. சொந்தக்காரர்கள் போயே ஆக வேண்டும், வீட்டுக்கு ஒருத்தராவது. ஜெபமாலை இருபது நிமிஷம். அது முடிந்ததும் பெரியப்பா டிவியைப் போடுவார். அவர்கள் மகள் ஸ்னேஹா அக்கா ஆஸ்திரேலியாவில் வாங்கிய வீட்டின் வீடியோ. இரண்டரை மணி நேரம். ஃப்ரிட்ஜைத் திறந்து தட்டுத் தட்டாகக் காட்டுவது மட்டும் ஒன்பது நிமிஷம் ஓடும். அப்பா அதை நான்கு தடவை பார்த்திருக்கிறார்.

நான் ஒரு முட்டாள். இதையும் அதையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. எனக்குப் புல் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

அடுத்தது சொலினாய்டு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற டப்பா. அதன் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டேன். பொறி பறந்தது. இன்ஜின் கரகரவென்று சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. அப்படியென்றால் மோட்டார் நல்லது, பேட்டரி நல்லது. சாவியிலிருந்து வருகிற சின்ன ஒயரில்தான் கரண்ட் இல்லை. நடுவில் யாரோ தடுக்கிறார்கள்.

அம்மா அதற்குள் மூன்றாவது டம்ளரை ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். இவ்வளவு மரியாதையாக அவள் அப்பாவைக் கவனித்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு டம்ளர்கூட இல்லை.

கேப்டன் ஆஷ்லி ஃபோன் பண்ணினான். "என்ன மச்சா, புல்லு வெட்டியாச்சா?"

"வை ஃபோன."

மணி பத்தேகால். இந்த மெஷின் ஸ்டார்ட் ஆக மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். பிரேக்கை மிதித்திருக்கணும். பிளேடு ஆஃபில் இருக்கணும். சீட்டில் ஆள் இருக்கணும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச். பிரேக் ஸ்விட்சைப் பார்த்தேன், சரி. பிளேடு ஸ்விட்ச், சரி. பாக்கி ஒன்றுதான்.

"எழுந்திருங்கப்பா."

"எதுக்கு?"

"சீட்டுக்கு அடியில ஸ்விட்ச் இருக்கு. பாக்கணும்."

"சீட்டுல ஆள் இருந்தாதானே ஸ்டார்ட் ஆகும்?"

"ஆமா."

"நான் எழுந்தா?"

"ஆகாது."

"பாத்தியா. ஸ்டார்ட் ஆகாததுக்கு என்னைய எழுந்திருக்கச் சொல்ற."

"இப்ப மட்டும் ஆகுதா?"

"அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."

"ப்பா, டைம் ஆகுது. எழுந்திருங்க."

"ஸ்கூல விட்டவன்கிட்ட லாஜிக் பேசுனா இப்படித்தான்," என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. டயரை ஓங்கி உதைத்தேன். கால்தான் வலித்தது. நாளைக்கு கோல் கிக் அடிக்க வேண்டிய கால்.

பத்து நாற்பதுக்கு அம்மா மறுபடி வந்தாள். நான்காவது டம்ளர்.

"வேணாம் ஜூடி."

"இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். வெயில்ல உக்காந்திருக்கீங்க. உடம்பு என்னாத்துக்கு ஆகும்?"

குடித்தார். சீட்டில் இடது பக்கம் நகர்ந்தார். வலது பக்கம் நகர்ந்தார். முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் தாங்கினார்.

"எவனும் எதையும் தொடக் கூடாது. தோ வந்துட்டேன்," என்று இறங்கி முதலில் நடந்தார், பிறகு ஓடினார்.

நான் சீட்டைத் தூக்கப் போனேன். அம்மா முந்திக்கொண்டாள். ஃப்ளாஸ்கைப் புல்லில் வைத்தாள். சீட்டைத் தூக்கினாள். தொங்கிக்கொண்டிருந்த ஒயரை எடுத்து ஸ்விட்சில் 'டக்' என்று சொருகினாள். ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பினாள்.

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"காலைல அஞ்சரைக்குப் பால் வாங்கப் போனேன். உங்கப்பா சீட்டத் தூக்கி உள்ள கைய விட்டுட்டு நின்னாரு. அஞ்சரைக்கு அவரு எழுந்து இருபது வருஷத்துல நான் பாத்ததில்ல."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மூணு மணி நேரம்மா. என் கையப் பாரு."

"அப்பவே சொன்னா ஒம்பதரைக்கு வெட்டி முடிச்சிருப்பாரு."

"அதுதானே வேணும்?"

"முடிச்சுட்டு? ரெண்டு பேரும் பதினொண்ணுக்கு அக்கா வீட்டுக்குப் போகணும்." சத்தத்தில் கொஞ்சம் குனிந்து சொன்னாள். "ஃப்ரிட்ஜக்கூடப் பாத்துடுவேன்டா. அவ உன்னப் பத்தி ஆரம்பிப்பா. பையன் படிப்ப விட்டுட்டான், கிரீஸ் கைக்கு எவ பொண்ணு குடுப்பான்னு. எல்லார் முன்னாடியும். அத உக்காந்து கேக்க என்னால முடியாது."

கோபம் குறைந்தது. கொஞ்சம்தான்.

அப்பா திரும்பி வந்தார். இன்ஜின் சத்தம் கேட்டதும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"ஆயிருச்சா?" துக்க வீட்டில் கேட்கிற மாதிரி கேட்டார்.

"மாதா கிருபை," என்றாள் அம்மா.

சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார். "நல்லதாப் போச்சு. இறங்கு ஜூடி. நான் வெட்டுறேன். நீ கிளம்பு, உங்கக்கா காத்துட்டிருப்பா. வீட்டுக்கு ஒருத்தர் போனா போதும்."

"அதான் நானும் நினைச்சேன். வீட்டுக்கு ஒருத்தர் போதும். நீங்க போயிட்டு வாங்க."

"நீ இறங்குமா முதல்ல."

"நான் எழுந்தா இன்ஜின் நின்னுடுமே. சீட்டுல ஆள் இருக்கணும்ல?"

"நின்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

"ஆகலைன்னா? பெரிய ஃபால்ட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஃபாதர் பன்னண்டுக்கு வந்துடுவாரு. பாவம், புள்ளையோட மேட்ச்சு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், நிக்குமா?"

பிரேக்கை மிதித்து லாக் போட்டுவிட்டால் ஆள் இறங்கினாலும் நிற்காது. எனக்கு நல்லாவே தெரியும்.

"ஸ்கூல விட்டவன்ப்பா. எனக்கு என்ன தெரியும்?"

"உனக்கு இத ஓட்டத் தெரியுமா ஜூடி?" கடைசி முயற்சி.

"சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்குள்ள ஸ்கூட்டி ஓட்டுறவ நான். புல்லு என்ன, எதிர்லயா வரப்போகுது? வெள்ளச் சட்டை தேச்சுக் கட்டில்ல வெச்சிருக்கேன். மாத்திட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன். கட்டிலில் அப்பாவின் சட்டை ஒன்றுதான் தேய்த்திருந்தது. அவளுடைய புடவை பீரோவை விட்டே வெளியே வரவில்லை.

ஆட்டோ வந்தது. ஏறும்போது அப்பா என் தோளைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார். "ஒரு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணு. மெஷின் மறுபடி படுத்துருச்சு, உடனே வாங்கன்னு சொல்லு. சத்தமா சொல்லு. உங்க பெரியப்பா காதுல விழணும். மறந்துடாதே, ஒரு மணி."

பன்னிரண்டுக்கு ஃபாதர் வந்தார். அம்மா கடைசி வரிசைப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தாள். கோடு கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் புல் இருந்தது, கட்டையாக, மெத்தை மாதிரி. ஃபைனல் இங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணிக்கு நான் கோல் போஸ்ட்டுக்கு அடியில் டைவ் அடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். ஃபோன் பாக்கெட்டில்தான் இருந்தது. சார்ஜும் இருந்தது.

நான் பண்ணவில்லை.