நீல விளக்குப் பெட்டியும் நாலு கைப்பிடி மிளகும்

உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் விற்கலாம், மாமனாருக்கு மட்டும் விற்கக் கூடாது. மற்ற வாடிக்கையாளர் என்றால் கடைக்கு வந்து கத்துவார், நாமும் பதிலுக்குக் கத்தலாம். மாமனார் கத்த மாட்டார். "பரவால்லீங்க மாப்ளே" என்பார். அதைக் கேட்பதற்குப் பதில் நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

2006 வாக்கில் காளப்பநாயக்கன்பட்டியில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் எதுவும் தெரியாததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பியது. (நானும் நம்பினேன், அதுதான் பிரச்சினை.) கல்யாணமாகி நாலு மாதம். மனைவி சபீனாவின் அத்தா, அதாவது என் மாமனார், மிளகு வியாபாரி. கொல்லிமலை மேலே எடப்புளி நாடு என்கிற பகுதியில் அவருக்கு ஒரு களமும் குடோனும் இருந்தன. மலைக்காரர்களிடம் மிளகு வாங்கி, காயவைத்து, மூட்டை கட்டிக் கீழே அனுப்புவார்.

அந்த வருடம் குடோனிலிருந்து மூட்டைகள் காணாமல் போக ஆரம்பித்தன. பூட்டு உடையவில்லை, ஓடு பிரியவில்லை. சாவி இருந்ததோ இரண்டே பேரிடம். ஒருவர் மாமா. இன்னொருவர் இருபது வருடமாகக் களத்தைப் பார்த்துக்கொள்ளும் மலைக்காரர் பெரியசாமி அண்ணன். மாமா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு காதில் விழுந்ததும் பெரியசாமி அண்ணன் நேராக மாமாவிடம் வந்து நின்றார்.

"யார் எடுத்தாங்கன்னு தெரியற வரைக்கும் இந்தக் களத்துல பச்சத்தண்ணி குடிக்க மாட்டனுங்க. வேலையைப் பார்ப்பேன். சோறு என் ஊட்டுல போய்த் தின்னுக்கறேன்."

சொன்னபடியே மத்தியான வெயிலில் மேடேறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். இருபது வருடமாக ஒரே தூக்குப்போசிச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள் இருவரும். மாமாவுக்குத் தனியே சோறு இறங்கவில்லை. போன மூட்டைகூட அவருக்குப் பெரிதில்லை, பெரியசாமி திரும்பப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

"மாப்ளே, டவுன்ல நகைக்கடையில எல்லாம் கேமரா வச்சிருக்காங்களாம். நம்மளால ஆகுமுங்களா?"

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? ஒரே வாரம்" என்றேன். அதுவரை நான் கேமரா மாட்டியதே இல்லை.

சேலத்தில் சாமான் விற்கிற அண்ணாச்சி நல்ல மனிதர். தலைதலையாக அடித்துக்கொண்டார். "மலைக்கா? கரண்டு ஏறி எறங்குமே தம்பி. கேமராவுக்கு டிஸ்க் நாள் பூராவும் எழுதிட்டே இருக்கணும். நீங்க எடுக்கிறது ஆபீசுல நாலு லெட்டர் அடிக்கிற டிஸ்க். அதுக்குன்னே இருக்கிறதை எடுங்க. அதையும் ரெண்டா போடுங்க, ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும். பவர் சப்ளை கனமா இருக்கணும், யுபிஎஸ் கட்டாயம்."

"அதெல்லாம் பேங்குக்குங்க அண்ணாச்சி. இது மிளகு குடோன்" என்றேன். எழுதுகிற டிஸ்க்கில் என்ன சாதி, நாள் பூரா எழுதுகிற சாதி என்று எனக்குச் சிரிப்பு வேறு.

அப்படி மிச்சம் பிடித்த காசில் நான் வாங்கியது கம்ப்யூட்டரை உள்ளே வைக்கிற ஒரு கேபினட். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு, மூன்று மின்விசிறி. பார்த்தால் விண்வெளிக்குப் போகும்போல இருக்கும். மாமனார் வீட்டில் டிஸ்க்கையா பார்க்கப் போகிறார்கள், விளக்கைத்தானே பார்ப்பார்கள் என்பது என் கணக்கு. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக் குழந்தையைப்போலக் கொண்டுபோனேன். டிஸ்க் இருந்த பையை மேலே கம்பித் தட்டில் போட்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டே வந்தது.

மாட்டிய அன்று குடோனே நீலமாக ஜொலித்தது. நாலு கேமரா, திரையில் நாலு கட்டம், நாலிலும் மிளகு மூட்டை. மாமா கண் கலங்கிவிட்டார். பெரியசாமி அண்ணன் மட்டும் வாசலோடு நின்று, "இதுல எல்லாம் பதியுமுங்களா?" என்று கேட்டார்.

"ஈ பறந்தாலும் பதியும்" என்றேன்.

நாற்பது நாள் கழித்து மாமா போன் செய்தார். "மாப்ளே, இன்னொரு மூட்டை போயிருச்சுங்க!" குரலில் கல்யாணக் களை. "ஆனா சந்தோசமா இருக்குதுங்க. படம் இருக்குதில்ல? ஞாயித்துக்கிழமை காலையில ஊர்க்கவுண்டரையும் வரச் சொல்லிட்டேன். நாலு பேர் முன்னாடி போட்டுக் காட்டிப்போடலாம்."

நாலு பேர் என்றார். போனால் இருபது பேர் இருந்தார்கள், வாசலூர்பட்டியிலிருந்துகூட வந்திருந்தார்கள். திருவிழாவில் திரை கட்டிப் போடும் படத்தைப் பார்க்க வந்ததுபோலக் குடோனில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியசாமி அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிச் சுவரோரமாக நின்றார்.

என் கேபினட்டைக் காணோம். இருந்த இடத்தில் ஒரு கம்பளி மூட்டைதான் இருந்தது. விலக்கினால் உள்ளே பெட்டி. பின்பக்கம் மின்விசிறியை அடைத்தபடி ஒரு முறம், முறம் நிறைய மிளகு.

"மாமா, இது என்னங்க?"

"சாம்பிள் மிளகுங்க மாப்ளே" என்றார் பெருமையாக. "பனி புடிச்சா ஒண்ணும் காய மாட்டீங்குது. உங்க பொட்டி பின்னால நல்லாச் சூடா காத்து வருது. ரெண்டே நாள்ல கணீர்னு காஞ்சுருது. சூடு வீணாப் போகக் கூடாதுன்னு கம்பளியும் போட்டுவிட்டேன்."

வேறு யாராவது செய்திருந்தால் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவராலேயே குத்தியிருப்பேன். மாமனாரை என்ன செய்வது? "நல்லதுங்க மாமா" என்றேன். பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து நாற்பது நாள் மிளகுத் தூசி கிளம்பியது. ஊர்க்கவுண்டர் தொடங்கி வைக்க, இருபது பேரும் வரிசையாகத் தும்மினார்கள்.

தூசியைத் தட்டி ஓடவிட்டேன். திரையில் இப்போது நடப்பது தெளிவாகத் தெரிந்தது. பழைய படத்தைத் தேடினால் ஒன்றுமில்லை. நேற்று காலி. போன வாரம் காலி. போன மாதம் காலி.

"மாமா, திரையில ஏதாச்சும் எழுத்து வந்துச்சுங்களா?"

"தெனமும் ஒரு சின்னக் கட்டம் வந்து படத்தை மறைக்குதுங்க. நீங்க சொல்லிக் குடுத்தீங்கல்ல, மூலையில பெருக்கல் குறியை அமுக்கச் சொல்லி? அமுக்கிருவேன், போயிரும்."

செத்துக்கொண்டிருக்கிறேன் என்று டிஸ்க் தினமும் கதறியிருக்கிறது, தினமும் மாமா அதன் வாயை மூடியிருக்கிறார். சொல்லிக்கொடுத்த மகராசன் நான்தான்.

கடைசியாக ஒரே ஒரு நாளின் படம் திறந்தது. மாட்டிய முதல் நாள்.

"அதையாச்சும் போடுங்க" என்றார் ஊர்க்கவுண்டர்.

போட்டேன். ஆளில்லாத குடோன். ஒருவன் உள்ளே வருகிறான். இந்தப் பக்கம் பார்க்கிறான், அந்தப் பக்கம் பார்க்கிறான். கேமராவைக் கண்ணாடியாக்கித் தலை சீவுகிறான். பிறகு ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, கைப்பிடி கைப்பிடியாக நாலு கை அள்ளி டூல்ஸ் பைக்குள் போட்டுக்கொள்கிறான்.

(எங்க அத்தா களத்து மிளகு கொஞ்சம் கொண்டு வாங்க, கறிக்கு நல்லா இருக்கும் என்று சபீனாதான் சொல்லியிருந்தாள். மாமாவிடம் கேட்கக் கூச்சம். பதிவு ஓடுகிறது என்பது, அதை ஓடவிட்ட எனக்கே மறந்துவிட்டது.)

குடோனில் தும்மல்கூட நின்றுபோனது. ஊர்க்கவுண்டர் மெதுவாகத் திரும்பினார். "ஏனுங்க, அப்ப ஆளு உங்க மாப்ளைதானுங்களா?"

"நாலு கைப்பிடிதானுங்க…" என்று ஆரம்பித்தேன்.

மாமா என்னைப் பார்த்தார். சுவரோரம் நின்ற பெரியசாமி அண்ணனைப் பார்த்தார். ஒரு முடிவுக்கு வந்தவராகத் தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க. எங்க மாப்ளைதானுங்க. எல்லா மூட்டையும் அவரேதான்."

நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்க்காமலே என் காலை மிதித்தார். பிறகு செம்பில் தண்ணீரை மொண்டு நீட்டினார். "பெரியசாமி, குடி சாமி."

மூட்டை மூட்டையாக மிளகைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஒருவன் போக முடியாது என்று பெரியசாமி அண்ணனுக்குத் தெரியாதா? என்னை ஒரு பார்வை பார்த்தார். செம்பை வாங்கி மளமளவென்று குடித்தார். மாமா திரும்பி நின்று துண்டால் கண்ணைத் துடைத்தார், மிளகுத் தூசியாம். எனக்கு அவமானம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். ஆனாலும் அன்று மத்தியானம் இருவரும் ஒரே போசியைப் பிரித்ததைப் பார்த்தபோது, திருடனாக இருந்தாலும் பரவாயில்லை என்று மனசார நினைத்தேன்.

"டிஸ்க்கு போனது பரவால்லீங்க மாப்ளே" என்று மாமா வழியனுப்பினார்.

மறுவாரமே அண்ணாச்சியிடம் போய் அவர் சொன்னது அத்தனையும் வாங்கி மாட்டினேன். கறுப்பாக, அசிங்கமாக, தகர டப்பாபோல ஒரு பெட்டி. வருடக்கணக்கில் இம்மி பிசகாமல் எழுதியது. அதற்குப் பிறகு ஒரு மிளகுகூடத் திருடு போகவில்லை. உண்மையான திருடன் யாரென்று யாருக்கும் தெரியாது, மலையைப் பொறுத்தவரை அது நான்தான்.

இன்றும் மாமனார் வீட்டில் நான் சமையலறைப் பக்கம் போனால், மாமி அஞ்சறைப் பெட்டியை எடுத்து மேல் தட்டில் வைப்பார். என் மகளே சிரிக்கிறாள். பெரியசாமி அண்ணனோ வருடா வருடம் மிளகு காய்ந்ததும் ஒரு பை நிறையக் கட்டி பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறார். என் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி கண்டக்டர் கத்துவார்:

"ஏனுங்க, மலையிலிருந்து மிளகு வந்திருக்குது! இனிமே நீங்களா எடுத்துக்க வேண்டாம், நாங்களே அனுப்பறோம்னு சொல்லச் சொன்னாருங்க!"