மாப்பிள்ளையின் காரில் மஞ்சள் ஃபியூஸ்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமியார் வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். கடல் உங்களைப் படுத்தாமல் இருக்க வேண்டுகிறேன். உங்கள் காரும் சுகம். காருக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் பதறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அதைச் சுகப்படுத்தியவளே நான்தான்.

கப்பலேறும்போது "யாரும் வண்டியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நாங்களும் தூசி தட்டியதோடு சரி. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை, இன்டர்வியூவுக்குப் போன உங்கள் மனைவி போன் செய்தாள். "அம்மா, சர்டிபிகேட் ஃபைலை மேஜை மேலயே வச்சுட்டு வந்துட்டேன். ஒரிஜினல் இல்லாம உள்ள விடமாட்டாங்களாம்" என்று அழுகிறாள். பழைய வேலை போனபிறகு அவளுக்கு வந்த முதல் அழைப்பு. வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. டாக்சிக்காரர் ஒருவரும் வருவதாக இல்லை. நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கார் சாவி இருக்கும் இடம் இரண்டு பேருக்குமே தெரியும் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

நான் ஓட்ட, சம்பந்தியம்மா ஃபைலைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொள்ள, கடைத்தெருவைத் தாண்டியதுமே வைப்பர் பொசுக்கென்று நின்றுவிட்டது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஒரு துணிக்கடை வாசலில் ஓரங்கட்டினேன். "போச்சு, எஞ்சினே போச்சு!" என்று சம்பந்தியம்மா அலற, நான் நிதானமாகச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு, "பதறாதீங்க சம்பந்தி, ஃபியூஸாத்தான் இருக்கும்" என்றேன். இறங்கிப் பார்த்தால் வைப்பரடியில் ஒரு குச்சி மாட்டியிருக்கிறது. அதோடு மல்லுக்கட்டித்தான் ஃபியூஸ் போயிருக்கிறது. குச்சியை உருவிப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றினேன். உள்ளே கலர் கலராக மாத்திரை அடுக்கினாற்போல ஃபியூஸ்கள். மூடியின் பின்பக்கம் எது எதற்கு என்று படம். வைப்பர் படத்துக்கு நேரே இருந்த மஞ்சளை அங்கேயே இருந்த பிளாஸ்டிக் இடுக்கியால் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால், நடுக்கம்பி அறுந்து கருகியிருந்தது. இருபது என்று நம்பர். ஸ்பேர் ஒன்றுகூட இல்லை (குறையாகச் சொல்லவில்லை, கப்பல் எஞ்சினியருக்கு ஆயிரம் ஞாபகம்). சம்பந்தியம்மா அதற்குள் பச்சை நிறத்தில் ஒரு முப்பதைக் காட்டி, "இதைப் போடுங்க, பெருசுன்னா ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார். "அம்மா தாயே, வயர் எரிஞ்சு வண்டியே பத்திக்கும்! அதே நம்பர்தான் போடணும்" என்றேன். "அப்ப இந்தச் சாக்லேட் பேப்பரைச் சுத்திப் பாருங்களேன்" என்றார். அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். போன் சார்ஜ் போடும் இடத்துக்கு உண்டான ஃபியூஸும் மஞ்சள் இருபதுதான். அதைப் பிடுங்கி இதில் வைத்து அழுத்தினேன். இவ்வளவுக்கும் சம்பந்தியம்மா குடை பிடித்தார். முக்கால் குடை அவர் தலைமேல், என் முதுகெல்லாம் தொப்பல். சாவியைத் திருப்பினால் சரக் சரக்கென்று வைப்பர் ஓடுகிறது! துணிக்கடை வாட்ச்மேன், "மெக்கானிக் தோத்தாம்மா" என்றார்.

ஃபைலை வாங்கிக்கொண்டு ஓடின என் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் பெருமையடித்துக்கொள்ளும் ஆளில்லை. மாடி வீடு, எதிர் வீடு, பல் டாக்டர், தபால்காரர் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இனி உங்களைக் கேட்காமல் காரைத் தொடமாட்டோம்.

போகிற துறைமுகமெல்லாம் உங்களுக்கு நல்லதே நடக்க ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: மகனே, அம்மா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிக் கவரை என்னிடம் கொடுத்தார்கள். ஒட்டவில்லை, படித்துவிட்டேன். நடந்தது எல்லாம் உண்மைதான், ஆட்கள்தான் இடம் மாறிவிட்டார்கள். ஃபியூஸ் விஷயம் வரும் இடத்தில் 'நான்' என்பதைச் சம்பந்தியம்மா என்றும், 'சம்பந்தியம்மா' என்பதை நான் என்றும் மாற்றிப் படித்துக்கொள். நனைந்த முதுகு என்னுடையது. ஆனால் அந்த மழையில் வண்டியை ஓட்டியது அவர்களேதான், அதை மாற்றிவிடாதே. அந்த மாதிரி ஓட்ட உனக்கே வராது. ஒரு பக்க ஹெட்லைட் எரியவில்லை. நாளைக்கு இரண்டு பேருமாக அதைக் கழற்றப் போகிறோம்.